கிளி கொத்தின கொய்யா

அலுவலகத்தில் யாரையாவது கடிந்துகொள்ளும்போது, “கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே” என்பது என் வழக்கம். பொறுமையாக, திரும்பத் திரும்ப, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன், அப்படியும் உன் மண்டையில் ஏறவில்லையே என்று அதற்கு அர்த்தம். இப்போது அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு கிளி இருந்தது. அதற்கு நான் ஒன்றுமே சொல்லிக்கொடுத்ததில்லை. சொன்னதெல்லாம் என் மகளுக்கு. கிளி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மகளுக்கு அப்போது மூன்றேகால் வயது. வாயில் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா, அப்பா, காக்கா எதுவும் இல்லை. காது நன்றாகக் கேட்டது. அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஹாலிலிருந்து ஓடி வருவாள். ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் கதவில் என் கையை வைப்பாள். வேலை முடிந்ததும் கையை விட்டுவிடுவாள். கைக்கு மேலே ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தேவைப்படவில்லை. மற்ற நேரமெல்லாம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். நிச்சயம் முன்னேற்றம் வரும், ஆனால் நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். நான் இட்லி வேகும்வரைகூடப் பொறுக்காதவள். இடையில் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன்.

காட்டுப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கணவருக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனியில் வேலை. எனக்குச் சாஃப்ட்வேர், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவர் திண்டுக்கல் பக்கம், நான் கோவில்பட்டி பக்கம். இந்த ஊரில் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று யாரும் இல்லை, தொந்தரவும் இல்லை. எனக்கு வாய் அதிகம். அவருக்கு வாயே கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்கிறேன் என்றாராம். எங்களை நாலு நாள் பார்த்தவர்கள், இதில் யார் கிளி யார் பூனை என்று குழம்பிப்போவார்கள்.

மகள் பேசவில்லை என்று தெரிந்ததும் என் நாத்தனார் போனில், “ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசிட்டா அவ என்னத்தப் பேசுவா” என்று சிரித்தாள். அவளோடு ஒரு வருடம் பேச்சை நிறுத்தினேன். ஆனால் அவள் சொன்னது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேனென்றது.

ஐயப்பன்தாங்கலில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே பேச்சுப் பயிற்சி தரும் இடம் இருந்தது. வாரம் இரண்டு நாள் போனோம். பயிற்சி தந்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள், கல்யாணம் ஆகாதவள். முதல் நாளே ஒன்று சொன்னாள்.

“மேடம், ‘சொல்லு’ன்னு மட்டும் சேக்காதீங்க. தண்ணி குடுக்கறப்ப ‘தண்ணி’ன்னு சொல்லுங்க, போதும். ‘தண்ணி சொல்லு’ன்னீங்கன்னா, இந்த மாதிரிக் குழந்தைங்க ரெண்டையும் சேத்து ஒரே வார்த்தையா எடுத்துக்கும்.”

தலையை ஆட்டினேன். படியிறங்கும்போது, பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

வீட்டில் காலையிலிருந்து ‘சொல்லு’தான். பால் சொல்லு. தண்ணி சொல்லு. பந்து சொல்லு. எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா சொல்லு. மற்ற வார்த்தைகள் அவள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. அந்த ஒன்று எனக்காக. முகவாயைப் பிடித்துத் திருப்பி, அவள் உதடுகளை இரண்டு விரலால் சேர்த்து அழுத்தி ‘ம்’ எப்படி வரும் என்று காட்டுவேன். அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் நிற்கும். கேட்டதைக் கொடுக்காமல் கையை உயரத் தூக்கிவைத்துக்கொண்டு, சொன்னால்தான் உண்டு என்பேன். அவள் அழுவாள். அழத் தெரிகிறதல்லவா, அந்தத் தொண்டையில்தானே பேச்சும் வர வேண்டும் என்று எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்க வரும் அக்கா இதே ஊர்க்காரர். ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தவர் குச்சியை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார்.

“இன்னாமா, புள்ளைய இப்டி பிச்சி எடுத்துகினு கீற? கிளி கொத்துன கொய்யாப்பயத்த துன்னக் குடு. என் தங்கச்சி ஊட்ல ஒண்ணு நாலு வயசு வரிக்கும் ஊமையா கெடந்துச்சு. இப்ப அது வாய மூடுனாத்தான் நமக்குத் தூக்கம்.”

பழம் என்பது அவர் வாயில் பயம் என்றுதான் வரும். கிளி கொத்தின பயம். நான் சிரித்தேன். அதற்கு முன்பே என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய வசம்பை இழைத்து நாக்கில் தடவியாயிற்று, கோயில் தேன் வைத்தாயிற்று. கிளி கொத்தின பழம் எங்கள் ஊரிலும் சொல்வதுதான். நான் இன்ஜினியரிங் படித்தவள். ஆனால் அந்தப் படிப்பெல்லாம் பிள்ளை பேசுகிற வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசுவதற்கு. பேசாத பிள்ளையை வைத்திருப்பவள் எதையும் நம்புவாள்.

அக்கா எங்கிருந்தோ இரண்டு தடவை கடிபட்ட கொய்யா கொண்டுவந்து கொடுத்தார். அது கிளி கடித்ததா அணில் கடித்ததா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அணில் கடித்ததைத் தின்றால் பேச்சு வருமா, மரம் ஏற வருமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு கிளியையே வாங்கி வைத்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன். வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று கணவர் மெதுவாகச் சொன்னார். மகள் நீதிபதி முன்னால் வந்து சாட்சி சொல்லட்டும், அந்தச் சந்தோஷத்தில் நான் ஜெயிலுக்குப் போகிறேன் என்றேன். அடுத்த வாரம் அவருடைய கம்பெனி வாசலில் டீ விற்பவர் மூலமாக ஒரு ஆள் வந்தார், துணிப்பைக்குள் கூண்டோடு.

சின்னக் கிளி. கழுத்தில் இன்னும் ஆரம் விழவில்லை. அந்த ஆள் அதை மல்லாக்கப் பிடித்து, ஒரு பக்கத்து இறக்கையை விசிறி மாதிரி விரித்து, எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, நறுக் நறுக்கென்று வெட்டினார். கிளி கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“இனிமே எங்கியும் போவாது சார். மூணு மாசத்துக்கு ஒருக்கா இதே மாரி நறுக்கிகினே இரு. வுட்டன்னு வை, போயிகினே இருக்கும்.”

பச்சை மிளகாய் கொடுத்தால் நாக்கு நன்றாகப் புரளும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தரையில் கிடந்த பச்சை இறகுகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வயிற்றுக்கு இல்லாத ஒன்றுக்காகக் கார் சக்கரத்தை விட்டு அவள் தானாக எழுந்துவந்தது அதுவே முதல் தடவை. அதை நான் கவனிக்கவில்லை. கொய்யாவைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கிளி கொய்யாவைத் தொடவில்லை. பயத்தில் கூண்டு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து நெல்லும் கடலையும் போடுவதை நிறுத்தினேன். பசித்தால் கடிக்கும் அல்லவா. கடித்தது. அதன் எச்சில் காய்வதற்குள் அந்தப் பக்கத்தை வெட்டி மகள் வாயில் வைத்தேன். துப்பினாள். கொய்யாவின் சொரசொரப்பு அவளுக்கு ஆகாது, சாதத்தில் ஒரு கடுகு தட்டுப்பட்டாலே குமட்டுகிறவள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் உள்ளே தள்ளி, விழுங்கும்வரை வாயைப் பொத்தினேன். தினமும் காலையில் இந்தப் பூசை நடந்தது. முதலில் கிளியைப் பட்டினி போடுவது, பிறகு பிள்ளைக்குத் திணிப்பது.

ஒரே வாரத்தில் மகளுக்கு வயிற்றோட்டம். குழந்தை என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். ஓட்டலில் வாங்கிய சாம்பார் சாதம் என்று கண் இமைக்காமல் சொன்னேன். கணவர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு, “அது எச்சில் பட்ட பழம், வேணாமே” என்றார். எச்சில் பட்டால்தான் மருந்து என்றேன். வயிறு சரியானதும் மறுபடி தொடங்கினேன்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரம் காதில் ஹெட்செட்டோடு உள்ளறையில் மீட்டிங்கில் இருந்தேன். ஹாலிலிருந்து “அம்மா” என்று கேட்டது. தெளிவாக. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். மறுபடி, “அம்மா.” ஹெட்செட் வயர் லேப்டாப்பை இழுத்துக் கீழே தள்ளியது. நான் ஓடினேன். ஓடிய அந்தப் பத்தடி தூரம்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் என்று இன்றைக்கும் சொல்வேன்; கல்யாணம், பிரசவம் எதுவும் அதற்கு ஈடில்லை.

மகள் தரையில் படுத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பால்கனிக் கதவோரம் கூண்டில் கிளி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

“அம்மா சொல்லு” என்றது. என் குரல். ‘சொல்லு’வில் நான் வைக்கும் எரிச்சல்கூட ஒரு பிசிறு குறையாமல் அப்படியே.

அக்கா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். பேசிடுச்சா என்று கேட்டார். பேசியது கிளி என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதுக்கு வாய் வந்தா இதுக்கும் வரும், பயத்த நிறுத்தாத என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மீட்டிங்கில் இருந்தவர்கள் கீழே விழுந்த லேப்டாப்பிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதோடு போயிருக்கலாம். என் கணவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானாக ஒரு காரியம் செய்தார். கிளி பேசியதைப் போனில் பதிவு செய்து எங்கள் இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படம் இல்லை, வெறும் குரல். கூட ஒரு வரி எழுதவுமில்லை. எழுதினால் அவர் அவராக இருக்க மாட்டாரே. நான் பார்ப்பதற்குள் சித்தப்பாவிலிருந்து நாத்தனார் வரைக்கும் கும்பிடும் கையும் கண்ணீர் பொம்மையுமாக வரிசை கட்டி நின்றன. என் அம்மா போன் செய்தாள். கேட்ட உடனே அம்மன் கோவிலுக்கு ஓடிப்போய்ப் பதினொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாளாம். மூச்சு வாங்கியது.

“குரலு அப்படியே உன்ன மாதிரியே இருக்குடி.”

“அது கிளிம்மா” என்றேன்.

“ஆமா, கிளிதான். எங் கிளிதான்” என்றாள் அம்மா.

இல்லை, நிஜமான கிளி, கூண்டில் இருக்கிற கிளி என்று அவளுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை கத்தினேன்.  பிறகு மெல்லிய குரலில், உடைத்த தேங்காய்க்கு ஒன்றும் தோஷம் இல்லை என்றாள். அது எனக்கான ஆறுதலா, அவளுக்கானதா, தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிளியை வெறுத்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வெறுத்தேன். நான் இட்ட சோற்றைத் தின்றுவிட்டு, என் மகளுக்குச் சேரவேண்டியதைத் திருடிக்கொண்டது என்றே நினைத்தேன். மாடியில் இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளி பேசுவதைக் கேட்க வருவார்கள். அந்தப் பிள்ளைகள் கூண்டைச் சுற்றி நின்று தொணதொணவென்று பேசும். என் மகள் அவர்கள் கால்களுக்கு நடுவே படுத்திருப்பாள். பாப்பா இன்னும் பேசலையா என்று கேட்டுவிட்டு, கிளி எவ்வளவு அழகாகப் பேசுகிறது பாருங்கள் என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

அவர்கள் போனதும் கூண்டை ஓங்கி ஓர் அறை அறைவேன். “வாய மூடு சனியனே.” கிளி ஒரு கணம் ஒடுங்கும், மறுபடி தொடங்கும். அம்மா சொல்லு. அம்மா சொல்லு. பழைய நைட்டியைப் போட்டுக் கூண்டை மூடுவேன். அந்த வீட்டில் அப்போது என் பேச்சு இரண்டே இரண்டுதான். ஒன்றிடம் நாள் முழுக்கச் சொல்லு. இன்னொன்றிடம் நாள் முழுக்க வாய மூடு. இரண்டும் கேட்கவில்லை.

சித்திரையில் ஒருநாள். மின்விசிறிக் காற்றே அனலாக அடித்தது. மகள் என் கையை இழுத்துப் போய்த் தண்ணீர் கேனின் குழாயில் வைத்தாள். டம்ளரில் பிடித்தேன். தலைக்குமேல் தூக்கிவைத்துக்கொண்டேன். தண்ணி சொல்லு. அவள் எட்டிக் குதித்தாள். இன்றைக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு. இத்தனை நாளும் கடைசியில் இரங்கி இரங்கித்தான் இவளைக் கெடுத்தோம் என்று தோன்றியது. அரைமணி நேரம் இருக்கும். அழுதாள், உள்ளங்கையால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள், பிறகு சட்டென்று அமைதியாகி நகர்ந்து போனாள். வழிக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு டம்ளரும் கையுமாகப் பின்னால் போனேன்.

கூண்டின் பக்கவாட்டில் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று செருகியிருக்கும். அதை உருவி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அதில் நெல் உமியும் எச்சமும் மிதந்தன. கிளி கம்பியோரம் இறங்கிவந்து அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றது. அது அவளை எதையும் சொல்லச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் எந்தத் தாயும் உடைந்து போயிருப்பாள். எனக்கு வந்தது பொறாமை. என் கையால் வாங்காத தண்ணீரை அதனிடம் போய் வாங்கிக் குடிக்கிறாளே என்று. அவள் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கிண்ணம் பால்கனிச் சுவரில் மோதி விழுந்தது. அழுகை எனக்குப் பிறகுதான் வந்தது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. அதில் அவளுக்காக அழுதது எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனபோது கணவர் தன் போனில் எடுத்திருந்த ஒரு வீடியோவை அந்தப் பெண்ணிடம் காட்டினார். அவர் அதை எடுத்தது எனக்கே தெரியாது. மகள் கூண்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கிளி பேசுகிறது. இவள் தலையை அது சாய்க்கும் பக்கமே சாய்க்கிறாள். அந்தப் பெண் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“மேடம், இவ கிளியோட வாயையே பாக்கறா. இதுவரைக்கும் யாரோட வாயையும் பாக்காத குழந்தை. தயவுசெஞ்சு அதை மட்டும் எங்கயும் குடுத்துறாதீங்க.”

சரி என்றேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நாளைக்கு என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

அது ஒரு சனிக்கிழமை. கணவருக்குக் கம்பெனியில் வேலை நாள். முந்தின ஞாயிறன்றுதான் அவர் கிளியின் இறக்கையை நறுக்கியிருந்தார். வெட்டி விழுந்த இறகுகளை மகள் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். மகள் சிரித்தாள். எதையோ பார்த்துத் தானாகச் சிரிப்பது உண்டு; இது அந்தச் சிரிப்பில்லை. கிளி “அம்மா சொல்லு” என்கிறது, இவள் சிரிக்கிறாள். மறுபடி அது சொல்கிறது, இவள் கம்பியில் மூக்கை வைத்துச் சிரிக்கிறாள். இரண்டு பேர் பேசிக்கொள்வது அப்படித்தான் இருக்கும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். என்னால் முடிந்த அளவு குரலை மெத்தென்று ஆக்கிக்கொண்டு, அம்மா சொல்லு என்றேன். அதே வார்த்தை, அதே குரல். இன்னும் சொன்னால் குரலுக்குச் சொந்தக்காரி நான். அவள் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போய்ச் சக்கரத்தோடு படுத்துக்கொண்டாள். நான் எழுந்து போனதும் திரும்பி வந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அக்கா வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிளியைத் திறந்துவிடப் போகிறேன், பாவம், எத்தனை நாள் அடைத்துவைப்பது என்று அவரிடம் சொன்னேன். எனக்கே அந்த வார்த்தை கேட்க நன்றாக இருந்தது.

“எறக்கைய வெட்டிட்டு வுட்டா அது எங்கமா போவும்? கீழ பூனை கீது. வளரட்டும், அப்பால வுடு.”

அதுவும் சரிதான் என்றேன். அவர் போகும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினேன்.

பால்கனியில் கூண்டைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கி வைத்துக் கதவைத் திறந்தேன். கிளி வெளியே வரவில்லை. கூண்டைச் சாய்த்தேன். கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. உலுக்கினேன். சுவர்மேல் வந்து விழுந்து, நிமிர்ந்து, என் பக்கம் நடந்து வந்தது. அதற்குப் போக இடம் இல்லை. இத்தனைக்கும் பிறகு அதற்கு வீடு நான்தான். தலையைச் சாய்த்து, “அம்மா சொல்லு” என்றது. துணி எடுக்கும் குச்சி மூலையில் இருந்தது. அதன் நுனியால் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன்.

ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கீழே போயிற்று. சாகவில்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் விழுந்து, எழுந்து, தத்தித் தத்தி நடந்தது. குட்டி போட்டிருந்த பூனை அவசரமே இல்லாமல் எழுந்து வந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. என் அப்பா சொன்ன பழமொழியை எழுத்துப் பிசகாமல் செய்து முடித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

கூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுக்களைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்து, ஒட்டியிருந்த எச்சத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன்.  மனசு லேசாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“அம்மா சொல்லு.”

அதே ராகம், அதே இழுப்பு, அதே எரிச்சல். எப்படியோ ஏறி வந்துவிட்டது என்று நினைத்தேன். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தேய்த்துக்கொண்டே இருந்தது, தலை திரும்பவில்லை, வாய்மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“வாய மூடு சனியனே.”

சொல்லி முடித்த பிறகுதான் கையில் இருப்பது காலிக் கூண்டு என்பது உறைத்தது. திரும்பினேன். மகள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் இறகு டப்பா. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் ஜன்னலில் இல்லை, என் தோளுக்குப் பின்னால் இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது. நான் சொன்னதை என் மகள் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

காலில் விழுந்தேன். நிஜமாகவே ஈரக்கையோடு தரையில் விழுந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, உன்னைச் சொல்லவில்லை, உன்னைச் சொல்லவில்லை என்று அழுதேன். அவள் என் தலைக்கு மேலாகப் பால்கனியைப் பார்த்தாள். கூண்டு இருந்த இடத்துக்கு நடந்து போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் கணவர் வந்து காலிக் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே இறங்கிப் போய்க் கொஞ்சநேரம் கழித்துத் திரும்பி வந்தார். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். சொல்லாத ஒன்றைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வார்த்தை வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவும் அதே வார்த்தைதான். இப்போது அவளுக்கு எட்டு வயது. தண்ணீர் கேட்கத் தெரியும், பஸ் நம்பர் எல்லாம் படிப்பாள், அப்பாவை அப்பா என்பாள். என்னை மட்டும் “அம்மாசொல்லு” என்று கூப்பிடுகிறாள். அது அவளுக்கு ஒரே சொல், என் பேர். புதிதாக வருகிறவர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், எவ்வளவு அழகு என்பார்கள். பயிற்சி தரும் பெண் அதை மெல்லப் பிரித்துவிடலாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேரை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அடுக்களையில் நிற்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். கிளியின் இழுப்பு இன்னும் அதில் இருக்கிறது, அதற்குள்ளே என் எரிச்சலும் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும். முதலில் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.